ஆட்டத்துக்குரிய மடிக்கணினி வரைகலை அட்டைகள் இரண்டு: ஓர் ஒப்புநோக்கு

பயன்படுத்தப்பட்ட மடிக்கணினி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கக் கருதும் மாணவன் எதிர்ப்படும் பெயர்களுள் இரண்டு ஈண்டு ஆராயப்படுகின்றன. ஒன்று, 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஜீபோர்ஸ் 940 எம்எக்ஸ்; மற்றையது, 2017ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஜீபோர்ஸ் எம்எக்ஸ் 150. இரண்டும் அமெரிக்க நாட்டு என்விடியா நிறுவனத்தார் ஆக்கியவை. இரண்டும் மெலிந்த உடலும் நடுத்தர விலையும் உடைய மடிக்கணினிகளுக்கென அமைந்தவை. இவற்றுள் கணினி ஆட்டங்களுக்கு ஏற்றது யாது என வினவின், பின்னே வந்ததுதான் என்று எவரும் எளிதில் விடையிறுத்துவிடுவர். அவ்விடை பெரும்பான்மையும் உண்மையே. ஆயினும் முழு உண்மையன்று. சிலபோது அது வாங்குவோனை வழிதவறச் செய்தலும் உண்டு. அஃது எங்ஙனம் என்பதை எண்களைக் கொண்டே நோக்குவாம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். அட்டை என்று நாம் கூறினும், மடிக்கணினியிற் பெரும்பாலும் அட்டை என ஒன்று தனியே இல்லை. மேசைக் கணினியில் வரைகலை உறுப்பு தனிப் பலகையாகச் செருகப்பட்டிருக்கும். வேண்டும்போது கழற்றி வேறொன்றை இடலாம். இவ்விரண்டுமோ தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட சில்லுகள். கழற்றவும் இயலாது, மாற்றவும் இயலாது. தாய்ப்பலகையோடு ஒட்டிக்கொண்டு அதன் மின்வலுவை உறிஞ்சி வாழ்தலால், தமிழில் அட்டை என்னும் சொல்லுக்குள்ள மற்றைப் பொருளே இவற்றுக்குப் பொருத்தம் என நகைப்பாரும் இருக்கலாம். நகை ஒருபுறம் நிற்க, இதனாற் பெறப்படுவது முக்கியமானது. வாங்கும் நாளிற் செய்த பிழை அக்கணினியின் ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

இனி இச்சில்லு செய்யும் தொழிலை நோக்குவாம். ஆட்டத்தில் நாம் காண்பது தொடர்ந்து ஓடும் படமன்று; ஒன்றன்பின் ஒன்றாய் வரைந்து காட்டப்படும் நிலைப்படங்களின் வரிசை. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின் ஒரு படத்தை வரைந்து முடித்தற்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. நொடிக்கு 30 படங்கள் போதுமெனக் கொள்ளின் 33.3 மில்லிநொடி கிடைக்கும். அச்சிறு பொழுதினுள் காட்சியிலுள்ள உருக்களின் இடங்களைக் கணித்தல், மறைவன எவை தெரிவன எவை எனத் துணிதல், ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் ஒளியும் நிழலும் வகுத்தல் ஆகிய யாவும் முடிதல் வேண்டும். 1366க்கு 768 என்னும் அளவுடைய திரையில் உள்ள புள்ளிகள் 10 இலட்சத்து 49 ஆயிரத்துச் சொச்சம். 1920க்கு 1080 என்னும் திரையில் அவை 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. ஆகவே திரை மாறிய மாத்திரத்தில் வேலை ஏறத்தாழ இருமடங்காகின்றது. இவ்வேலைக்கு இரண்டு ஆற்றல்கள் தேவை. ஒன்று கணிக்கும் ஆற்றல். மற்றையது, கணித்தற்கு வேண்டிய தரவை நினைவகத்திலிருந்து கொணர்ந்தும் விடையை அங்கே சேர்த்தும் வரும் ஆற்றல். முன்னையதைப் பலரும் பேசுவர். பின்னையதைப் பேசுவார் சிலரே.

கணிக்கும் ஆற்றலைப் பொறுத்தவரை இரு சில்லுகளிலும் கணிப்புக் கருக்களின் தொகை ஒன்றே: ஒவ்வொன்றிலும் 384. வேறுபாடு அவற்றின் தலைமுறையிலும் துடிப்பிலும் உளது. 940 எம்எக்ஸ் என்பது மாக்ஸ்வெல் எனப் பெயரிய அமைப்பைச் சார்ந்தது. 28 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டது. எம்எக்ஸ் 150 என்பது அதற்கடுத்த பாஸ்கல் அமைப்பைச் சார்ந்தது; சாம்சங் நிறுவனத்தாரின் 14 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டது. (இயற்பியலார், கணிதவியலார் பெயர்களைத் தன் படைப்புகளுக்கு இடுதல் அந்நிறுவனத்தின் வழக்கம்.) சில்லின் நுண்ணுறுப்புகள் சிறுகச் சிறுக, அதே மின்வலுவிற் கூடிய துடிப்போடு அவை இயங்கவல்லன. 940 எம்எக்ஸ் உயர்ந்த நிலையில் 1242 மெகாஹேர்ட்ஸ் வரை துடிக்கும். சில கணினிகளில் அதனிற் குறைவாகவும் அமைந்துள்ளது. எம்எக்ஸ் 150 தன் முழு நிலையில் 1532 மெகாஹேர்ட்ஸ் வரை செல்லும். ஒரு துடிப்பில் ஒரு கரு இரண்டு கணிப்புகளைச் செய்யுமெனக் கொண்டு பெருக்கினால், முன்னையதற்கு நொடிக்கு ஏறத்தாழ 95,000 கோடி கணிப்புகளும், பின்னையதற்கு ஏறத்தாழ 1,18,000 கோடி கணிப்புகளும் விடையாக வரும். வேறுபாடு கால் பங்கு அளவினது. இவ்வளவுதான் வேறுபாடெனின் இக்கட்டுரைக்கு வேலையே இல்லை.

நினைவகத்தை நோக்கும்போதுதான் வேறுபாடு விரிகின்றது. இரண்டு சில்லுகளும் 64 பிற்று அகலமுள்ள வாயில் ஒன்றன் வழியே நினைவகத்தோடு தொடர்புகொள்கின்றன. ஒருமுறைக்கு 8 பைற்று செல்லும் வாயில் அது. நொடிக்கு எத்தனை முறை அவ்வாயில் திறந்து மூடுகின்றது என்பதே இனி வினா. 940 எம்எக்ஸ் இருவகை நினைவகங்களோடு விற்பனைக்கு வந்தது. ஒன்று, சாதாரண டி.டி.ஆர். 3. அது நொடிக்கு 180 கோடி முதல் 200 கோடி முறை தரவை அனுப்பும். எட்டாற் பெருக்க, நொடிக்கு 14.4 முதல் 16 கிகாபைற்று. மற்றையது, வரைகலைக்கென்றே வகுக்கப்பட்ட ஜீ.டி.டி.ஆர். 5. அது நொடிக்கு 500 கோடி முறை. அஃதாவது 40 கிகாபைற்று. எம்எக்ஸ் 150 ஜீ.டி.டி.ஆர். 5 நினைவகத்தையே கொண்டது. முழு நிலையில் நொடிக்கு 600 கோடி முறை, 48 கிகாபைற்று.

இவ்வெண்களைச் சற்று நின்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 940 எம்எக்ஸ் எனப் பெயர் பூண்ட இரண்டு கணினிகளுக்கிடையே தரவுப் போக்கில் உள்ள வேறுபாடு 14.4க்கு 40, ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. ஜீ.டி.டி.ஆர். 5 பெற்ற 940 எம்எக்ஸுக்கும் எம்எக்ஸ் 150க்கும் இடையே உள்ளதோ 40க்கு 48. ஐந்தில் ஒரு பங்கு மாத்திரமே. இரு பெயர்களுக்கிடையே உள்ள தூரத்தினும் ஒரே பெயருக்குள் உள்ள தூரம் பெரிதாய் இருக்கின்றது. நொடிக்கு 60 படங்கள் வரையவேண்டிய நிலையில், டி.டி.ஆர். 3 பெற்ற சில்லு ஒரு படத்துக்கு 0.24 கிகாபைற்றுக்குமேல் தரவைத் தொடுதல் இயலாது. எம்எக்ஸ் 150 ஒரு படத்துக்கு 0.8 கிகாபைற்று வரை தொடலாம். இழைநயப் படங்கள், ஆழக் கணக்கு, நிழல், ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்படும் புகையும் நெருப்பும் புல்லும் ஆகியன யாவும் இவ்வாயில் வழியேதான் வந்து போதல் வேண்டும். வாயில் குறுகினால் உள்ளிருக்கும் 384 கருக்களும் தரவு வரும்வரை வாளா இருக்கும். உழவர் பலர் இருந்தும் வாய்க்கால் வறண்ட வயல் போன்றது அந்நிலை. திரையின் அளவைக் கூட்டினால் டி.டி.ஆர். 3 பெற்ற கணினி திடீரெனத் தளர்வதற்குக் காரணம் இதுவே.

இந்நிறுவனத்தாரின் பெயர் வைப்பை நோக்குங்கால் நம் நிகண்டுகள் நினைவுக்கு வருகின்றன. திவாகரம் முதலிய நிகண்டு நூல்களில் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்கள் ஒருபுறமும், ஒரு சொல்லுக்கு அமைந்த பல பொருள்கள் மற்றொருபுறமுமாகத் தொகுக்கப்பட்டுள்ளன. வரைகலைச் சில்லுகளுக்கும் அத்தகைய நிகண்டு ஒன்று இயற்றலாம். ஜீஎம் 108 எனத் தொழிற்சாலையிற் குறிக்கப்பட்ட சில்லு ஒன்று 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 840 எம் என்னும் பெயரோடு வெளிவந்தது. 2015இல் அது 940 எம் ஆயிற்று. 2016இல் 940 எம்எக்ஸ் ஆயிற்று. 2017ஆம் ஆண்டின் இறுதியில் எம்எக்ஸ் 130 என மீண்டும் ஒரு பெயர் பெற்றது. துடிப்பும் நினைவகமும் இடையிடையே திருத்தப்பட்டன என்பது உண்மை; ஆயினும் உள்ளிருந்த சில்லு ஒன்றே. எம்எக்ஸ் 130 என்பது எம்எக்ஸ் 150க்குச் சற்றே தாழ்ந்த உடன்பிறப்பு என எண்ணி வாங்கியோர், உண்மையிற் பெற்றது முந்தைய தலைமுறைச் சில்லையே. இது ஒரு பொருட்குப் பல பெயர்.

ஒரு பெயருக்குப் பல பொருள் அமைந்த கதை எம்எக்ஸ் 150இனுடையது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோட்புக்செக் என்னும் கணினி ஆய்வுத் தளத்தார் ஒன்றை வெளிப்படுத்தினர். சந்தையில் எம்எக்ஸ் 150 என விற்கப்பட்டவை உண்மையில் இருவகை என்பதே அது. உள்ளிருக்கும் அடையாளக் குறியீடு ஒன்றில் 1டி10, மற்றொன்றில் 1டி12. முன்னையது 25 வாற்று மின்வலுவுக்கு அமைந்தது. அதன் அடிப்படைத் துடிப்பு 1468, உயர் துடிப்பு 1532 மெகாஹேர்ட்ஸ். பின்னையது 10 வாற்றுக்கு அமைந்தது. அதன் அடிப்படைத் துடிப்பு 937, உயர் துடிப்பு 1038 மெகாஹேர்ட்ஸ். நினைவகமும் 48இலிருந்து 40 கிகாபைற்றுக்குத் தாழ்ந்தது. துடிப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தும் பெயரில் ஓர் எழுத்தும் குறையவில்லை. கணினியின் பெட்டியிலோ விளம்பரத்திலோ வாங்குவோன் இதனை அறிதற்கு வழியும் இல்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1038 மெகாஹேர்ட்ஸில் 384 கருக்கள் செய்வன நொடிக்கு ஏறத்தாழ 80,000 கோடி கணிப்புகள். நன்கமைந்த 940 எம்எக்ஸ் செய்வனவோ 95,000 கோடி என மேலே கண்டோம். நினைவகத் தரவுப் போக்கு இரண்டுக்கும் 40. எனவே 10 வாற்று எம்எக்ஸ் 150 ஏட்டுக் கணக்கில், ஜீ.டி.டி.ஆர். 5 பெற்ற நல்ல 940 எம்எக்ஸ் ஒன்றை விஞ்சுவதில்லை. புதிய அமைப்பின் திறமையால் ஆட்டத்தில் அது சற்று ஈடுசெய்துகொள்ளலாம். ஆயினும் புதுப் பெயருக்கும் மெல்லிய உடலுக்கும் கூடுதற் பணம் கொடுத்தவன் அவ்வளவுக்காகவா கொடுத்தான்?

நடுநிலை தவறாமல் ஒன்று கூறுதல் வேண்டும். 10 வாற்றுச் சில்லு இழிந்த சில்லன்று. 940 எம்எக்ஸ் ஏறக்குறைய 20 வாற்றுக்குமேற் செலவிட்டுச் செய்யும் வேலையை அது அதிற் பாதி வலுவிற் செய்துவிடுகின்றது. விரலளவு தடிப்பேயுள்ள கணினியில் 25 வாற்று வெப்பத்தை வெளியேற்றுதல் அரிது. ஆதலின் அக்கணினிகளுக்கென வலுக் குறைந்த வகை ஒன்றை ஆக்கியது பொறியியல் நோக்கிற் பாராட்டத்தக்கதே. குற்றம் சில்லில் இல்லை. இரண்டையும் ஒரு பெயரால் வழங்கியதில் உளது. பின்னர் 2019இல் வந்த எம்எக்ஸ் 250இலும் 10 வாற்று, 25 வாற்று என இருவகை ஒரே பெயரின்கீழ் வந்தமையால், இதனைத் தற்செயலான தவறு எனக் கொள்ளுதற்கும் இடமில்லை. மேசைக் கணினிக்கென விற்கப்பட்ட ஜீ.டி. 1030 என்னும் அட்டையிலும் இதுவே நிகழ்ந்தது. 2017இல் 48 கிகாபைற்றுத் தரவுப் போக்கோடு வந்த அவ்வட்டை, 2018இல் டி.டி.ஆர். 4 நினைவகத்தோடு 16.8 கிகாபைற்றாகச் சுருங்கி, அதே பெயரில் உலாவியது.

ஆகவே இரு அட்டைகளை ஒப்பிடப் புகுந்த நாம் நான்கு பொருள்களை ஒப்பிடவேண்டியவர் ஆகின்றோம். 25 வாற்று எம்எக்ஸ் 150 தலையாயது. அடுத்து 10 வாற்று எம்எக்ஸ் 150, ஜீ.டி.டி.ஆர். 5 பெற்ற 940 எம்எக்ஸ் ஆகிய இரண்டும் ஒரு தளத்தில் நிற்பன. டி.டி.ஆர். 3 பெற்ற 940 எம்எக்ஸ் கடையாயது. தலையாயதற்கும் கடையாயதற்கும் இடையே ஆட்டத்தில் ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை வேறுபாடு காணலாம். டோட்டா 2, லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் முதலிய எளிய ஆட்டங்களில் நான்குமே பயன்படும். தாழ்ந்த சில்லுக்குத் திரையளவையும் காட்சித் தரத்தையும் குறைத்துக்கொள்ளல் போதும். 2015இற் கணினிக்கு வந்த கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5 போன்ற நடுத்தர ஆட்டங்களிலேதான் வேறுபாடு தெளிவாகும். 25 வாற்றுச் சில்லு அதனை 1920க்கு 1080 திரையில் அடக்கமான தரத்தோடு நடத்தும். டி.டி.ஆர். 3 சில்லுக்கு 1366க்கு 768 திரையே தகும். அதே ஆண்டில் வந்த விச்சர் 3 போன்ற கனத்த ஆட்டத்துக்குத் தலையாயதும் திணறும்; கடையாயதை வைத்து அதனை ஆட முயல்வது வீண்.

வேகத்தைச் சாராத வேறுபாடு ஒன்றும் உண்டு. டிரெக்ட் எக்ஸ் 12 என்னும் மென்பொருள் இடைமுகத்தில் சில்லுகளின் வன்பொருள் வசதிகளைக் குறிக்கும் நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. 940 எம்எக்ஸிலுள்ள ஜீஎம் 108 சில்லு 11.0 நிலையோடு நின்றுவிடுகின்றது. எம்எக்ஸ் 150 இருவகையும் 12.1 நிலையை எட்டியவை. 12.0 நிலையைக் கட்டாயமாக வேண்டும் புதிய ஆட்டங்கள், 940 எம்எக்ஸ் எவ்வளவு விரைவுடையதாயினும் அதிலே திறக்கவே மாட்டா. இவ்வொரு காரணம் பற்றியே, விலை ஒத்திருப்பின் எம்எக்ஸ் 150ஐத் தெரிக என்பேன்.

சில்லின் துணைகளையும் மறத்தலாகாது. 940 எம்எக்ஸ் பெரும்பாலும் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளோடு வந்தது. மெல்லிய கணினிகளில் அவை இரு கருக்களே உடையன. எம்எக்ஸ் 150 பெற்ற கணினிகள் பலவற்றில் 2017 ஓகஸ்டுக்குப் பின் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகள் உள்ளன. அவை நான்கு கருக்கள் உடையன. ஆதலின் ஒரு கணினியில் ஆட்டம் நன்றாய் ஓடுவது கண்டு அப்புகழ் முழுவதையும் வரைகலைச் சில்லுக்கே அளித்தல் முறையன்று. செயலிக்கு 15 வாற்று, வரைகலைச் சில்லுக்கு 25 வாற்று, ஆக 40 வாற்று வெப்பத்தை இவற்றுட் பல கணினிகளில் ஒரே விசிறியே வெளியேற்ற வேண்டியிருக்கின்றது. ஏழெட்டு ஆண்டு பழகிய கணினியில் விசிறியிலே தூசி படிந்திருக்கும். சில்லின்மேற் பூசிய வெப்பப் பசையும் உலர்ந்திருக்கும். அந்நிலையிற் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தானே தாழ்த்தும். முதல் ஐந்து நிமிடம் 60 படங்கள் காட்டிய கணினி அரைமணி கழிந்ததும் 35 படங்களுக்கு இறங்கினால் வியப்பதற்கில்லை. வெப்பமிக்க நம் நாட்டில் இக்குறை சற்று மிகுதியாகவே தோன்றும்.

இவற்றை வாங்குமுன் அறியும் வழி எளிது. ஜீபியூ இசட் என்னும் இலவச மென்பொருளை அக்கணினியிலேயே இயக்குக. நினைவக வகை என்னும் இடத்தில் டி.டி.ஆர். 3 என உளதா, ஜீ.டி.டி.ஆர். 5 என உளதா எனப் பார்க்க. தரவுப் போக்கு 14க்கு அண்மையதா, 40க்கு அண்மையதா, 48க்கு அண்மையதா எனவும் நோக்குக. எம்எக்ஸ் 150 ஆயின் அடையாளக் குறியீட்டின் இறுதி 1டி10 என்றிருத்தல் நன்று. பின்னர் மின்னேற்றியைச் செருகிய நிலையில் ஆட்டம் ஒன்றை அரைமணி நேரமாயினும் ஓடவிட்டு, துடிப்பு எங்கே நிலைகொள்கின்றது என்பதைக் குறித்துக்கொள்க. மின்கலத்தில் இயங்கும்போது கணினி வலுவைக் குறைத்துக்கொள்ளுமாதலின் அந்நிலையிற் செய்யும் சோதனை பயனற்றது. விற்பவர் இதற்கு உடன்படாவிடின் வேறு கணினியை நாடுதல் தகும்.

இன்றைய நிலையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 2022இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் தம் செயலிகளுள்ளேயே அமைத்து வெளியிட்ட ரேடியன் 680 எம் என்னும் வரைகலைப் பகுதி, தனிச் சில்லு எதுவுமின்றியே எம்எக்ஸ் 150ஐ விஞ்சிவிட்டது. எம்எக்ஸ் வரிசையின் நோக்கமே அதனோடு பெரிதும் அற்றுப்போயிற்று. மாக்ஸ்வெல், பாஸ்கல் ஆகிய இரு அமைப்புகளுக்கும் புதிய ஆட்டங்களுக்கேற்பத் திருத்திய இயக்கி மென்பொருளை வழங்குவதை 2025ஆம் ஆண்டு ஒக்டோபரோடு நிறுத்தி, அதன்பின் 2028 ஒக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்களை மாத்திரம் வழங்குவதாக என்விடியா நிறுவனத்தார் அறிவித்தனர். எனவே 2017க்கு முன் வந்த ஆட்டங்களை ஆடவும், பாட வேலை செய்யவும் ஒரு கணினி போதும் என்பார்க்கே இவை இனி உரியன. அன்னார்க்கும் டி.டி.ஆர். 3 பெற்ற 940 எம்எக்ஸைப் பணம் கொடுத்து வாங்குமாறு கூற எனக்கு மனமில்லை; அக்கணினி அண்ணன்மாரிடமிருந்து இலவசமாகக் கிடைப்பின் ஏற்றுக்கொள்க.